அறிக்கையும் வாக்குமூலமும்

பேட்டையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் பரிமாறப்பட்ட வேளையில் கேட்ட ஓர் உரையாடலே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று. வாலிபர் சிலர் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்றனர். புகழ்பெற்ற பாடகர் ஒருவர் பெண்களை விரும்புகிறவரா, ஆண்களை விரும்புகிறவரா என்பதே பேச்சு. அவர் யார் என்பதை நாம் எழுதப்போவதில்லை. எழுதினால் இக்கட்டுரை கண்டிக்கும் செயலை நாமே செய்தவராவோம். பேச்சைச் செவிமடுத்திருந்த பெரியவர் ஒருவர், “உள்ளதைச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்றார். உடனே ஒரு பெண்பிள்ளை, “நீங்க சொல்லியிருக்கீங்களா மாமா? உங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லையே” என்றாள். எல்லாரும் சிரித்தனர், பெரியவரும் சிரித்தார். டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று.

அப்பெண்பிள்ளையின் கேள்வி சிரித்து மறந்துவிடத் தக்கதன்று. பெரும்பான்மையோரிடம் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர் என்று ஐயுறப்படுகிறவரிடம் மட்டுமே அது கேட்கப்படுகிறது. எனவே விடை வருமுன்னரே ஒரு தீர்ப்பு அக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. புகழ் பெற்றவர்கள் தங்கள் பாலீர்ப்புக்குப் பொதுமக்கள் முன் ஒரு பெயர் சூட்டியே ஆகவேண்டும் என்னும் இந்த நெருக்குதலை, ஒரு நூலையும் ஒரு திரைப்படத்தையும் முன்வைத்து ஆராய்வது நம் நோக்கம். தன்பாலீர்ப்பைக் குறித்துத் திருச்சபைகளுக்குள் இருவேறு நிலைப்பாடுகள் உள்ளன என்பதை அறிவோம். அவ்விவாதத்தை இங்கே தீர்க்க முற்படவில்லை. எந்த நிலைப்பாடு உடையவரும் விடை கூறவேண்டிய வேறொரு வினாவே நம்முன் உள்ளது: ஒருவர் தம்மைப் பற்றிய உண்மையை எப்போது, யாரிடம், எச்சொல்லால் சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது?

1. இரு சொற்கள்

இவ்வினாவை அணுகுவதற்கு நம் வழக்கிலேயே இரு சொற்கள் இருக்கின்றன. ஒன்று அறிக்கை. பாவ அறிக்கை, விசுவாச அறிக்கை என ஞாயிறுதோறும் நாம் வழங்கும் சொல் அது. மற்றொன்று வாக்குமூலம். அது காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. ஒரே வாக்கியம் அறிக்கையாகவும் இருக்கலாம், வாக்குமூலமாகவும் இருக்கலாம். அறிக்கையில் பேசுகிறவர் தாமே வாய் திறக்கிறார். வேளையையும் கேட்போரையும் தாமே தேர்கிறார். சொல்லியபின் விடுதலை பெறுகிறார். வாக்குமூலத்தில் வேளையைக் குறிப்பவர் கேட்பவர். சொல்லப்பட்டது எழுதிக்கொள்ளப்படுகிறது, சொன்னவருக்கு எதிராகவே அது பின்னர் பயன்படக்கூடும். பொதுமக்கள் ஒரு கலைஞரைச் சூழ்ந்துகொண்டு, ‘நீ யார் என்று சொல்’ என வற்புறுத்தும்போது, அறிக்கை என்ற பெயரில் வாக்குமூலத்தையே கேட்கிறார்கள்.

2. கேட்கிறவர்கள் மாறினர்

முற்காலத்தில் இவ்வாறு கேட்டவர்கள் பகைமை கொண்ட பத்திரிகையாளர்கள். பிரெடி மெர்க்குரி என உலகம் அறிந்த பாடகர் 1946இல் சான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பரூக் புல்சாராவாகப் பிறந்தவர். மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியிலுள்ள தூய பேதுரு பள்ளியின் விடுதியில் தங்கிப் பயின்றவர். ‘குவீன்’ இசைக்குழுவின் பாடகராகப் புகழடைந்த பின்னர், அவருடைய பாலீர்ப்பைப் பற்றியும் பிற்பாடு அவருடைய நோயைப் பற்றியும் இங்கிலாந்துப் பத்திரிகைகள் ஓயாமல் துருவின. தமக்கு எய்ட்ஸ் நோய் இருப்பதை 1991 நவம்பர் 23 அன்று அவர் அறிவித்தார். மறுநாள் மரித்தார். தம்மைச் சூழ்ந்திருந்தோரின் அந்தரங்கத்தைக் காக்கவே அதுவரை அமைதி காத்ததாக அந்த அறிவிப்பில் விளக்கியிருந்தார்.

அவருடைய வாழ்வைச் சொல்லும் ‘பொஹீமியன் ராப்சடி’ (2018) என்ற திரைப்படத்தில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்புக் காட்சி உண்டு. கேள்விகள் கல்லெறிபோல் அவர்மேல் விழுகின்றன. அக்காட்சியில் படம் அவர் பக்கம் நிற்கிறது. ஆயினும் வேறொரு காட்சியில், தாம் இருபாலாரிடமும் ஈர்ப்புடையவர் என்று நினைப்பதாக அவர் தம் அன்புக்குரிய பெண்ணிடம் தயக்கத்துடன் சொல்லும்போது, அவளே அவரைத் திருத்தி வேறொரு பெயரைச் சூட்டிவிடுகிறாள். அத்திருத்தத்தைப் படம் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறது. பத்திரிகையாளரின் வன்முறையை இனங்கண்ட படம், அன்பினால் செய்யப்படும் அதே செயலை இனங்காணத் தவறிவிட்டது என்பது நம் மதிப்பீடு.

இன்று அந்த அன்பின் வன்முறையே மிகுந்திருக்கிறது. ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ என்ற தொடரில் இருபாலீர்ப்புடைய மாணவனாக நடித்த கிட் கானர் என்ற இளைஞருக்கு 2022இல் 18 வயது. தம்மை வெளிப்படுத்திக்கொள்ளாமல் அத்தகைய பாத்திரத்தில் நடித்துப் புகழ் தேடுகிறார் என்று அவரைக் குற்றஞ்சாட்டியவர்களில் பலர் பகைவர் அல்லர். அத்தொடரை நேசித்த இரசிகர்கள். அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று அவர் தாம் இருபாலீர்ப்புடையவர் என்று எழுதினார். பதினெட்டு வயதினன் ஒருவனைக் கட்டாயப்படுத்திச் சொல்லவைத்ததற்காக அவர்களைக் கசப்புடன் ‘வாழ்த்தவும்’ செய்தார். அவர் சொன்னது உண்மையே. எனினும் அது அறிக்கை ஆகவில்லை.

3. ஒரு நூல்

நம் நாட்டில் இந்நெருக்குதலுக்கு நீண்டகாலம் இலக்கானவர் இந்தித் திரைப்பட இயக்குநர் கரண் ஜோகர். பூனம் சக்சேனாவின் துணையுடன் அவர் எழுதிய ‘ஆன் அன்சூட்டபிள் பாய்’ என்ற தன்வரலாறு 2017 ஜனவரியில் வெளிவந்தது. விக்ரம் சேத்தின் புகழ்பெற்ற நாவல் தலைப்பைத் திருப்பிப்போட்ட தலைப்பு அது. நூலின் மிகச் சிறந்த பகுதிகள் இளமைக் காலத்தைப் பற்றியவை. நடையும் குரலும் பெண்மை வாய்ந்தவை என்று ஏளனத்துக்கு ஆளான சிறுவன், தந்தையிடம் வேறொரு வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, குரலைக் கனப்படுத்தப் பயிற்சி பெறுகிறான். இதைப் படிக்கும் ஆயர் எவரும் தம் ஞாயிறு பள்ளியில் கண்ட ஏதேனும் ஒரு முகத்தை நினையாமல் இரார்.

ஆனால் நாடே எதிர்பார்த்த பக்கத்தில், தம் பாலீர்ப்பு எதுவென எல்லாருக்கும் தெரியும் என்றும், அதை உரக்கக் கூவத் தேவையில்லை என்றும், அச்சொற்களைச் சொன்னால் சிறை செல்லக்கூடிய நாட்டில் வாழ்வதால் சொல்லப்போவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். இதற்காக அவரைத் துணிவற்றவர் எனச் சிலர் சாடினர். அச்சாடல் நேர்மையானதன்று. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநிறுத்தியது. ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமளித்த அப்பிரிவு, 2018 செப்டம்பர் 6 அன்றுதான் மனமொத்த வயதுவந்தோரைப் பொறுத்தவரை செல்லாது என்று தீர்க்கப்பட்டது. ஆகவே 2017 ஜனவரியில் அவரிடம் கேட்கப்பட்டது உருவகப் பொருளில் மட்டுமன்று, நேர்ப்பொருளிலும் வாக்குமூலமே.

எனினும் நூலின் மீது நமக்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, மௌனத்துக்கு அவர் காட்டும் காரணம் போதுமானதன்று. சட்டம் ஒன்றே காரணமாயின், சட்டம் நீங்கிய அன்றே மௌனத்தின் உரிமையும் நீங்கிவிடும். அவ்வுரிமைக்கு ஆழமான அடித்தளம் வேண்டும். அந்நூல் வெளிவந்து ஏழு மாதங்களில், 2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பாலீர்ப்பு அவ்வந்தரங்கத்தின் இன்றியமையாத கூறு என்பதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. குற்றமற்ற ஒன்றைக்கூட ஒருவர் தம்முள் வைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். நூலாசிரியர் நின்றிருக்க வேண்டிய இடம் அதுவே.

இரண்டாவது, கேட்கப்பட்டவரே கேட்பவராகவும் இருந்திருக்கிறார். 2004இல் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சி, நடிகர் நடிகையரின் காதல் வாழ்வைச் சிரிப்போடு துருவியே புகழ் பெற்றது. அவர் தயாரித்த ‘தோஸ்தானா’ (2008) இரு ஆண்கள் காதலர்போல நடிப்பதை வேடிக்கையாக்கிற்று. பின்னர் அவர் நிறுவனமே தயாரித்த ‘கபூர் அண்டு சன்ஸ்’ (2016) இப்பொருளைக் கண்ணியத்துடன் கையாண்டது என்பதையும் சொல்வது நியாயம். இருப்பினும், ஏளனத்தால் காயமுற்ற சிறுவனை இவ்வளவு நன்றாக நினைவுகூரும் நூல், தன் ஆசிரியர் வளர்த்த ஆர்வத்தையும் அதே கூர்மையுடன் விசாரித்திருக்க வேண்டும் என்று வாசகர் எதிர்பார்ப்பது தவறாகாது.

4. ஒரு திரைப்படம்

சட்டத்தின் காவல் மட்டும் போதாது என்பதற்குச் சான்று பேராசிரியர் இராமச்சந்திர சிரஸின் வாழ்வு. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த அவருக்கு ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. 2010 பிப்ரவரி 8 அன்று இரவில் ஒளிப்படக் கருவியுடன் சிலர் அவர் வீட்டுக்குள் நுழைந்து, ஓர் ஆணுடன் இருந்த அவரைப் படம் பிடித்தனர். தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தும், பல்கலைக்கழகம் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. ஏப்ரல் 1 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாக ஆணையிட்டது. ஏப்ரல் 7 அன்று அவர் தம் வாடகை வீட்டில் இறந்து கிடந்தார்.

அன்சல் மேத்தா இயக்கி, மனோஜ் பாஜ்பாய் நடித்த ‘அலிகார்’ (2016) இவ்வரலாற்றைச் சொல்கிறது. படத்தின் சிறப்பு, சிரஸை ஒரு போராளியாகவோ பரிதாபப் பொருளாகவோ ஆக்காததில் உள்ளது. அவர் தனிமையில் பழைய இந்திப் பாடல்களைக் கேட்கிறார். நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் அவரைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, அவரோ தம் கவிதைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குரிய அடைமொழியைப் பற்றிய பேச்சு எழும்போது, தம் உணர்வை மூன்று எழுத்துகளுக்குள் எவ்வாறு அடக்க முடியும் என்று வியக்கிறார். அவர் மறுப்பது உண்மையை அன்று. உண்மையைச் சுருக்கிப் பெட்டிக்குள் அடைப்பதை மறுக்கிறார். கவிதையின் பொருள் சொற்களுக்கிடையிலுள்ள மௌனத்தில் இருப்பதாக அவர் கூறுமிடத்தில், மௌனம் பொய்யாகாது என்பதைப் படம் நமக்கு உணர்த்திவிடுகிறது. கரண் ஜோகரின் நூல் தேடிக் கண்டடையாத அடித்தளத்தை இப்படம் கண்டுகொண்டது. அவரைப் பேட்டி காணும் இளம் பத்திரிகையாளர் கேள்வியை அவசரப்படுத்தாமல் உடன் அமர்ந்திருக்கிறார். நற்செவி எத்தகையது என்பதற்கு அப்பாத்திரம் ஓர் எடுத்துக்காட்டு.

5. ஒரு மறுப்பும் அதன் வலிமையும்

புகழ் பெற்றவர்கள் மௌனம் காத்தால் எளியவர்கள் துணையின்றித் தவிப்பார்களே என்ற மறுப்பு எழும். இது வலிமையுள்ள மறுப்பு. 2013ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் விக்ரம் சேத், தாம் குற்றவாளி அல்லர் என்று எழுதிய சிலேட்டைப் பிடித்தபடி ‘இந்தியா டுடே’ இதழின் அட்டையில் தோன்றினார். சிறைக் கைதியின் படத்தை ஒத்த அத்தோற்றம், வாக்குமூலத்தின் வடிவத்தையே எடுத்து அதனை அறிக்கையாக மாற்றிற்று. அவருடைய தாயும் நீதிபதியாயிருந்தவருமான லீலா சேத், மகனுக்காகப் பொதுவெளியில் எழுதினார். இவற்றால் தேற்றம் பெற்றவர் பலர் இருப்பர்.

ஆனால் சேத்தின் செயலுக்கு வலிமை தந்தது எது? அவர் தாமே முன்வந்தமைதான். அச்சிலேட்டை வேறொருவர் அவர் கழுத்தில் மாட்டியிருந்தால் அது அவமானச் சின்னமாகியிருக்கும். எளியவருக்குத் துணை வேண்டும் என்பது மெய். அத்துணையை இன்னொருவரின் அந்தரங்கத்தைப் பறித்து வழங்க முடியாது. சொல்லத்தக்க சூழலை உண்டாக்கும் பொறுப்பு கேட்போருடையது. சொல்லும் பொறுப்பை மட்டும் ஒருவர்மேல் சுமத்திவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ளல் ஆகாது.

சூழலை உண்டாக்குவது இயலாததன்று என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுகள் உண்டு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ், இரு பெண்கள் தொடுத்த வழக்கில், இப்பொருளைப் பற்றித் தாம் முதலில் கற்கவேண்டியிருந்தது என்பதை ஒளிவின்றி எழுதி, அதன் பின்னரே ஆணை வழங்கினார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022இல் இழிவற்ற தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சொல் ஒரு கொடை. வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்படும்போது மட்டுமே அது கொடை. ஒருவர் தமக்குரிய சொல்லைத் தாமே எடுத்துச் சொல்லும்போது அதனை மறுப்பதும் இதே தவற்றின் மறுபக்கமாகும். தாமிரபரணி கடலோடு கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் 2018 அக்டோபர் 31 அன்று நடந்த ஒரு திருமணத்தைப் பதிவுசெய்ய அதிகாரிகள் மறுத்தனர். மணமகள் ஒரு திருநங்கை. ‘மணமகள்’ என்னும் சொல் அவருக்கும் உரியதே என்று 2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். பெயரைத் திணிப்பதும் பெயரை மறுப்பதும் ஒரே வேரின் இரு கிளைகள்.

6. நம் சபைகளில்

இனி நம்மை நோக்கித் திரும்புவோம். நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில் யோர்தான் துறையில் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு மனிதர் சோதிக்கப்பட்டனர். ‘ஷிபோலேத்’ என்று உச்சரிக்க இயலாத எப்பிராயீமர் 42,000 பேர் மடிந்தனர். ஒரு சொல்லால் மனிதரைப் பிரித்தறியும் ஆசை எங்கே சென்று முடியும் என்பதற்கு அது எச்சரிக்கை. லூக்கா 23ஆம் அதிகாரத்தில் ஏரோது நெடுநாளாய் இயேசுவைக் காண ஆசைகொண்டிருந்தான். ஓர் அற்புதம் காணலாம் என்ற வேடிக்கை ஆர்வத்தோடு அநேக கேள்விகளைக் கேட்டான். ஆண்டவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. சத்தியத்துக்குச் சாட்சி கொடுக்க வந்தவரே வேடிக்கைக் கேள்விக்கு விடையளிக்க மறுத்தாரெனில், விடை சொல்லாதவர் எல்லாரும் சத்தியத்தை மறைக்கிறவர் என்று நாம் முடிவு கட்டலாகாது.

நம் மண்ணின் சபை வரலாறும் இதனைக் கற்பிக்கிறது. பாளையங்கோட்டைச் சபையின் தாயாகிய குளோரிந்தா ஒரு பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் வாழ்ந்த நாளில் அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. அவ்வதிகாரி இறந்தபின் 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் அதனை வழங்கினார். 1785இல் அவ்வம்மையார் கட்டிய ஆலயத்தை ஊரார் பாப்பாத்தி கோயில் என்றனர். ஊர் அவரைப் பிறப்பால் அழைத்தது. இன்னும் இழிவான பெயர்களும் வழங்கியிருக்கக்கூடும். ஆனால் 40 பேர் கொண்ட 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருப்பது, ஞானஸ்நானத்தில் அவர் ஏற்றுக்கொண்ட பெயர். ஊர் வைத்த பெயரை விட்டு, ஒருவர் ஏற்ற பெயரை எழுதும் பதிவேடே திருச்சபையின் பதிவேடு.

இன்று நம் சபைகளில் அந்தரங்கம் பறிபோகும் வழி பத்திரிகை அன்று, பெரும்பாலும் ஜெபக்குறிப்பே. ‘இன்னார் மகனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், காரியம் உங்களுக்கே விளங்கும்’ என்று தாழ்ந்த குரலில் சொல்லப்படும் ஒரு வாக்கியம் ஓர் இளைஞனை ஊரைவிட்டே துரத்திவிடக்கூடும். ஆயரிடம் நம்பிச் சொல்லப்பட்டது ஆயரோடு நிற்கவேண்டும். சபைக்குழுவுக்கும், பெற்றோருக்கும், ஆயரின் இல்லத்தாருக்கும்கூட அது செல்லலாகாது. சொல்லாதவரிடம் கேட்டுத் துருவுவதும் மேய்ப்புப் பணியாகாது. முப்பது வயதாகியும் மணமுடிக்காத ஒருவரைக் கண்டவுடன் காரணம் விசாரிக்கும் நம் வழக்கத்தையும் இவ்வொளியில் சோதித்துப் பார்ப்பது நலம். பிரசங்கத்தில் நடிகர் பாடகரின் அந்தரங்க வாழ்வை உவமையாக எடுத்தாளும் எளிய வழியையும் இறையியல் மாணவர் தொடக்கத்திலேயே தவிர்ப்பாராக.

பேட்டை வீட்டுக்குத் திரும்பி முடிப்போம். டம்ளர்களைச் சேகரித்த அவ்விளைஞன் ஏன் சிரிக்கவில்லை என்பது நமக்குத் தெரியாது. களைப்பாயிருக்கலாம், மறுநாள் தேர்வு இருந்திருக்கலாம். நாம் அவனிடம் கேட்கவில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. ஆனால் நம் கூட்டங்கள் எதிலும், சொல்லவேண்டிய ஒன்றைத் தம்முள் வைத்திருக்கும் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். எங்கோ இருக்கும் பாடகரைப் பற்றி நாம் பேசுவது அந்தப் பாடகரின் செவிக்கு எட்டாது. அருகில் இருக்கும் இவருடைய செவிக்கு எட்டுகிறது. என்றேனும் நம்மிடம் வாய் திறக்கலாமா, கூடாதா என்பதை அப்பேச்சைக் கொண்டே அவர் அளந்துகொள்கிறார்.